பெர்சி என்னும் பெயர்: ஓர் ஆங்கிலப் பிரபுக் குடும்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்சி குடும்பத்தார் யார்?

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கும் நார்தம்பர்லாண்ட் பகுதியைத் தளமாகக் கொண்ட பழைய பிரபுக் குடும்பத்தினர். நார்மண்டியின் வில்லியம் 1066-இல் இங்கிலாந்தை வென்றதையடுத்துக் கடல் கடந்து வந்தவர்களின் பெயரைத் தாங்கியவர்கள். 1299-இல் பிரபு வரிசையின் கீழ்ப்படியான பாரன்களாகப் பாராளுமன்றத்துக்கு அழைக்கப்பட்டார்கள். 1377-இல் அதைவிட உயர்ந்த ஏர்ல் பட்டமும் 1766-இல் எல்லாவற்றிலும் உயர்ந்த டியூக் பட்டமும் பெற்றார்கள். இவர்களது தலைமை இல்லமான அனிக் கோட்டை, நடுவில் சில தடவை அரசரால் பறிக்கப்பட்டுத் திரும்பியதை விட்டுவிட்டால், 1309 முதல் இவர்கள் கையிலேயே இருக்கிறது. அந்த ஊரின் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'அல்ன்விக்' என்று படிப்பவர்கள் உண்டு. ஊர்க்காரர்கள் சொல்வது 'அனிக்'தான்.

ஆயினும் இந்தக் குடும்பத்தைத் தந்தையிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என ஒரே நூலாக ஓடிவந்த வம்சம் என்று எண்ணிக்கொண்டு வரலாற்றுக்குள் நுழைந்தால் விரைவில் வழி தவறிவிடும். ஆண்வழி பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒருமுறையும் பதினேழாம் நூற்றாண்டில் மறுமுறையும் அற்றுப்போனது. அந்த இரு தருணங்களிலும் நிலத்துக்கு வாரிசாக நின்றவர் ஒரு பெண். அவர்வழி வந்த நிலத்தோடு பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்கள் வேறு குடும்பத்தில் பிறந்த ஆண்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள். இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான பதில்கள் சுற்றிச் சுற்றி இந்த உண்மைக்கே வந்து சேரும்.

'பெர்சி' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஊர்ப் பெயரிலிருந்து. நார்மண்டியில் பெர்சி என்ற பெயருள்ள ஊர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. அவற்றுள் இன்றைய கால்வதோஸ் மாவட்டத்தைச் சேர்ந்த பெர்சி-ஆன்-ஓழ் என்ற சிற்றூரே இக்குடும்பத்தின் பூர்வீகம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மான்ஷ் மாவட்டத்துப் பெர்சிதான் பூர்வீகம் என்ற கருத்து முன்பு பரவலாக இருந்தது. வில்லியம் தெ பெர்சி என்றால் பெர்சி ஊர்க்காரரான வில்லியம் என்பதற்கு மேல் முதலில் அதில் எதுவும் இல்லை. நார்மானியப் பிரபுக்கள் பலருக்குக் குடும்பப்பெயர் இப்படித்தான் அமைந்தது: ஊரைக் குறிக்கும் அடைமொழியாகத் தொடங்கி, ஊரை விட்டு வந்த பிறகும் ஒட்டிக்கொண்டு, மகனுக்கும் பேரனுக்கும் இறங்கியது. 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்று பொருள்படும் 'தெ' என்ற முன்னொட்டு காலப்போக்கில் உதிர்ந்து, வெறும் 'பெர்சி' நின்றது.

இங்கிலாந்துக்கு வந்த முதல் வில்லியம், யார்க்ஷயரிலும் லிங்கன்ஷயரிலும் ஏராளமான நிலம் பெற்றவர். 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பில் அவர் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. யார்க்ஷயரின் டாப்கிளிஃப் அவரது தலைமையிடம். டேனியர் தாக்குதலில் அழிந்துபோயிருந்த விட்பி மடாலயம் மறுபடி எழுவதற்கு நிலம் கொடுத்தவரும் அவரே. முதல் சிலுவைப் போருக்குப் புறப்பட்டுப் போய்க் கிழக்கே இறந்தார் என்றும், அவரது இதயம் மட்டும் விட்பிக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது என்றும் மரபுச் செய்தி சொல்கிறது.

கண்ணைக் குத்தியதால் பெர்சி என்ற பெயர் வந்ததாகச் சொல்கிறார்களே?

இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் கதை அது. ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் மால்கம் அனிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, கோட்டைச் சாவிகளை ஈட்டி முனையில் தொங்கவிட்டுக்கொண்டு சரணடைவதுபோல வெளியே வந்த ஒரு வீரர், அரசரின் கண்ணுக்குள் ஈட்டியைப் பாய்ச்சிக் கொன்றாராம். 'கண்ணைத் துளைத்தவர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் மருவிப் 'பெர்சி' ஆனதாம்.

மால்கம் அனிக் அருகே 1093 நவம்பரில் கொல்லப்பட்டது மெய். மற்றது எதுவும் தேறாது. அதற்கு ஏழு ஆண்டுகள் முந்திய டூம்ஸ்டே ஏட்டிலேயே வில்லியம் தெ பெர்சி அதே பெயரில் இருக்கிறார். அனிக் கோட்டைக்குள் பெர்சி ஒருவர் உரிமையாளராகக் கால் வைத்ததோ அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு. மால்கமைக் கொன்றவராகப் பழைய வரலாற்றேடுகள் சொல்வது பாம்பரோ கோட்டையின் மேலாளரான மொரேல் என்பவரை. வடக்கு எல்லையில் ஸ்காட்லாந்தியரை எதிர்த்துப் பெயர் வாங்கிய ஒரு குடும்பத்துக்குப் பொருத்தமான பெயர்க்காரணத்தை யாரோ பிற்காலத்தில் கட்டிவிட்டார்கள்.

இக்குடும்பத்தில் அல்ஜர்னான் என்ற பெயர் அடிக்கடி வருவது ஏன்?

முதல் வில்லியம் பெர்சிக்கு 'மீசைக்காரர்' என்று பொருள்படும் பட்டப்பெயர் ஒன்று பிரெஞ்சு மொழியில் இருந்தது. முகத்தை மழித்துக்கொள்வது நார்மானியர் வழக்கமாக இருந்த காலத்தில் அவர் மீசை வைத்திருந்திருக்கிறார். அந்தப் பட்டப்பெயரே திரிந்து அல்ஜர்னான் என்ற முதற்பெயராகி, குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சூட்டப்பட்டது. பின்னர் பெர்சிகளோடு தொடர்பே இல்லாத வீடுகளிலும் பிள்ளைகளுக்கு அல்ஜர்னான் என்று பெயரிட்டார்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்வழி அற்றபோது பெயர் எப்படித் தப்பியது?

அப்போதைய தலைவரான வில்லியம் தெ பெர்சி 1170-களின் நடுவில் இறந்தபோது எஞ்சியவர்கள் மகள்கள். மூத்தவரான மோட், வாரிக் ஏர்லை மணந்து பிள்ளையின்றி இறந்தார். இளையவர் ஆக்னஸ். அவரை மணந்தவர் லூவேனைச் சேர்ந்த ஜாஸ்லின். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள அந்தப் பகுதியை ஆண்ட கோமகனின் மகன், இங்கிலாந்தின் முதலாம் ஹென்றியின் இரண்டாம் மனைவியான அடலைசா அரசிக்குத் தாய் வேறான சகோதரர். அக்காளின் தயவில் சசெக்ஸில் பெட்வொர்த் நிலங்களைப் பெற்று இங்கிலாந்தில் நிலைகொண்டவர்.

வடக்கே ஆக்னஸின் பரம்பரைச் சொத்து, தெற்கே ஜாஸ்லினின் பெட்வொர்த். இரண்டும் சேர்ந்து பிள்ளைகளுக்குப் போயின. பிள்ளைகள் சூடிக்கொண்டதோ தாயின் பெயரை. "என் பெயரை எடுத்துக்கொள், அல்லது என் சின்னத்தை எடுத்துக்கொள்" என்று ஆக்னஸ் நிபந்தனை போட்டார் என்றும், ஜாஸ்லின் பெயரை ஏற்றுத் தன் நீலச் சிங்கச் சின்னத்தை வைத்துக்கொண்டார் என்றும் குடும்பக் கதை சொல்கிறது. கேட்க நன்றாக இருந்தாலும், கேடயச் சின்னங்கள் பரம்பரைச் சொத்தாக நிலைபெறாத காலத்துக்கு அந்தப் பேரம் பொருந்தாது. பழைய பெர்சிச் சின்னம் நீலத்தில் பொன்னிறச் சாய்சதுரங்கள். பொன்னிறத்தில் நீலச் சிங்கம் என்ற புதிய சின்னத்தோடு ஒரு பெர்சி காட்சி தருவது 1300-இல் ஸ்காட்லாந்தின் கார்லாவராக் கோட்டை முற்றுகையைப் பற்றிய செய்யுளில்.

ஆணாதிக்கம் மிகுந்த ஒரு காலத்தில் மகன்கள் தாய்ப் பெயரைத் தாங்கியது வியப்பாகத் தோன்றலாம். உண்மையில் பெயர் நிலத்தைப் பின்தொடர்ந்தது. டாப்கிளிஃப் குடியானவர்களுக்கும் யார்க்ஷயர் வீரர்களுக்கும் பழகிய எசமானர் பெயர் பெர்சி. லூவேன் என்றால் அங்கே யாருக்கும் தெரியாது. இத்தம்பதியின் மகன்களில் ஒருவரான ரிச்சர்ட் தெ பெர்சி, 1215-இல் அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனத்தை அரசர் மீறாமல் பார்த்துக்கொள்ளத் தேர்ந்தெடுக்கப்பட்ட 25 பாரன்களுள் ஒருவராக இருந்தார்.

குடும்பப்பெயர் பெர்சி, பட்டப்பெயர் நார்தம்பர்லாண்ட்; ஏன் இரண்டு?

பட்டம் அரசர் கொடுப்பது. பறிக்கவும் அவரால் முடியும், பிறருக்குக் கொடுக்கவும் முடியும். பெர்சிகள் வீழ்ந்திருந்த 1464 முதல் 1470 வரை நார்தம்பர்லாண்ட் ஏர்லாக இருந்தவர் அவர்களுடைய பரம எதிரியான ஜான் நெவில். 1551-இல் நார்தம்பர்லாண்ட் டியூக் ஆனவர் ஜான் டட்லி. பெர்சி ஆண்வழி 1670-இல் முடிந்த பிறகு இரண்டாம் சார்லஸ் அதே பட்டத்தைத் திருமணத்துக்கு வெளியே பிறந்த தன் மகன் ஜார்ஜ் ஃபிட்ஸ்ராய்க்குக் கொடுத்தார். ஆகவே பழைய ஆவணத்தில் 'நார்தம்பர்லாண்ட்' என்று வருகிற இடமெல்லாம் பெர்சி என்று கொள்ளக்கூடாது. ஆண்டைப் பார்க்க வேண்டும்.

இன்றைய வழக்கில் குடும்பத் தலைவர் நார்தம்பர்லாண்ட் டியூக் என்றும், மூத்த மகன் மரியாதை நிமித்தம் ஏர்ல் பெர்சி என்றும் அழைக்கப்படுகிறார்கள். மற்ற மகன்கள் தங்கள் பெயருக்கு முன்னால் லார்ட் என்றும் பின்னால் பெர்சி என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.

யார்க்ஷயர்க் குடும்பம் எல்லைப்புறத்துக்கு ஏன் போனது?

அனிக் முதலில் வெஸ்ஸி என்ற குடும்பத்தின் கோட்டை. அக்குடும்பம் முறையான வாரிசின்றி 1297-இல் முடிந்தபோது சொத்து டர்ஹம் ஆயர் அந்தோணி பெக்கின் பொறுப்பில் வந்தது. அவரிடமிருந்து ஹென்றி பெர்சி 1309-இல் அதை விலைக்கு வாங்கினார். 1332-இல் கடலோர வார்க்வொர்த் கோட்டையும் சேர்ந்தது.

ஸ்காட்லாந்துடன் போர் ஓயாத நூற்றாண்டு அது. எல்லையைக் காக்கும் காவலர் பதவிக்கு அரசு சம்பளம் தந்தது. அந்தச் சம்பளத்தில் நிரந்தரமாக ஆயுதம் தாங்கிய ஆட்களை வைத்துக்கொள்ள முடிந்தது. தெற்கத்திப் பிரபு எவருக்கும் கிடைக்காத வசதி இது. 1346-இல் நெவில்ஸ் கிராஸ் போரில் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் டேவிட் சிறைபிடிக்கப்பட்டபோது ஆங்கிலப் படைத்தலைவர்களில் பெர்சியும் ஒருவர். லண்டனிலிருந்து வெகு தொலைவில் இருந்ததால் அரசர் அவர்களை நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது, நம்பவும் முடியவில்லை.

ஹாட்ஸ்பர் யார்? மன்னரை ஏன் எதிர்த்தார்?

1377-இல் இரண்டாம் ரிச்சர்டின் முடிசூட்டு நாளில் முதல் ஏர்லாக்கப்பட்ட ஹென்றி பெர்சியின் மூத்த மகன். அவருக்கும் பெயர் ஹென்றிதான். 1364-இல் பிறந்தவர். குதிரையைத் தார்முள்ளால் குத்திப் பறக்கவிடும் வேகத்துக்காக எதிரிகளான ஸ்காட்லாந்தியரே அவருக்கு இட்ட பெயர் ஹாட்ஸ்பர். 1388-இல் ஆட்டர்பர்ன் போரில் அவர்களிடமே சிறைப்பட்டு, மீட்புப்பணம் கொடுத்து வெளிவந்தார்.

1399-இல் ரிச்சர்டை இறக்கிவிட்டு நான்காம் ஹென்றியை அரியணையில் ஏற்றியதில் தந்தைக்கும் மகனுக்கும் பெரும் பங்கு இருந்தது. நான்கே ஆண்டுகளில் அந்த உறவு முறிந்தது. எல்லைக் காவலுக்கான சம்பளம் பாக்கி விழுந்துகொண்டே போனது. 1402-இல் ஹோமில்டன் குன்றில் ஸ்காட்லாந்தியரை முறியடித்துப் பிரபுக்கள் பலரைப் பிடித்தபோது, கைதிகளைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி அரசர் கட்டளையிட்டார். அந்நாளில் பிரபுக் கைதி என்றால் மீட்புப்பணம். சம்பளப் பாக்கி வைத்திருக்கும் அரசர் அதையும் கேட்டது ஹாட்ஸ்பருக்குப் பொறுக்கவில்லை. போதாததற்கு, அவரது மைத்துனர் எட்மண்ட் மார்ட்டிமர் வேல்ஸ் கிளர்ச்சித் தலைவர் ஓவைன் கிளிண்டூரிடம் சிக்கியிருந்தார்; அவரை மீட்கப் பணம் கொடுக்க அரசர் மறுத்துவிட்டார். கொள்கைப் போர் என்று பின்னால் வண்ணம் பூசப்பட்டாலும், கிளர்ச்சியின் வேர் பணத்தில் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1403 ஜூலை 21 அன்று ஷ்ரூஸ்பரி அருகே நடந்த போரில் ஹாட்ஸ்பர் வீழ்ந்தார். முதலில் உடல் மரியாதையாக அடக்கம் செய்யப்பட்டது. ஆனால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று வதந்தி கிளம்பவே, அரசர் உடலைத் தோண்டி எடுக்கச் செய்து, ஷ்ரூஸ்பரி நகரில் இரண்டு திரிகைக் கற்களுக்கு இடையே நிற்கவைத்துக் காட்டினார். தலை யார்க் நகரவாயிலுக்குப் போனது. சித்தப்பா தாமஸ் பெர்சி போருக்கு இரண்டு நாள் கழித்துத் தலை வெட்டப்பட்டார். ஷேக்ஸ்பியர் நாடகம் ஹாட்ஸ்பரை இளவரசர் ஹென்றியின் வயதொத்தவராகக் காட்டுகிறது. உண்மையில் அவர் இளவரசரைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர், இளவரசரின் தந்தையைவிடவும் கொஞ்சம் மூத்தவர்.

பெர்சி ஏர்ல்கள் பலர் இயற்கையாக இறக்கவில்லை என்பது உண்மையா?

1377 முதல் 1670 வரை ஏர்ல் பட்டம் வகித்த பெர்சிகள் பதினொருவர். அவர்களுள் ஆறு பேர் இரத்தம் சிந்தி இறந்தார்கள். முதல் ஏர்ல் 1408 பிப்ரவரியில் பிராமம் மூரில் கிளர்ச்சிப் போரில் மடிந்தார். ஹாட்ஸ்பரின் மகனான இரண்டாமவர், 1416-இல் ஐந்தாம் ஹென்றியிடம் பட்டத்தைத் திரும்பப் பெற்று, 1455-இல் செயிண்ட் ஆல்பன்ஸ் தெருக்களில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். மூன்றாமவர் 1461-இல் டவுட்டன் போர்க்களத்தில். லங்காஸ்டர், யார்க் அரச கிளைகள் மோதிக்கொண்ட, ரோசாப்பூப் போர்கள் என்று அழைக்கப்படும் அந்த உள்நாட்டுப் போர்களில் இவ்விருவரும் லங்காஸ்டர் தரப்பு. ஆனால் அரியணைப் போட்டி முற்றுவதற்கு முன்பே பெர்சிகளும் நெவில்களும் வடக்கே தங்களுக்குள் மோதத் தொடங்கியிருந்தார்கள். 1453 ஆகஸ்டில் யார்க் அருகே ஹீவொர்த் மூரில் நெவில் திருமணக் கூட்டம் ஒன்றைப் பெர்சி ஆட்கள் வழிமறித்தார்கள்.

நான்காமவர் கதை வேறு மாதிரி. 1485-இல் பாஸ்வொர்த் போரில் மூன்றாம் ரிச்சர்டுக்காகப் படையோடு வந்து, சண்டையில் இறங்காமலே நின்றார். ரிச்சர்ட் மாண்டார், டியூடர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். 1489-இல் புதிய அரசரின் வரியை வசூலிக்கப் போன இடத்தில் யார்க்ஷயர்க் கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. உடன் வந்த ஆட்கள் காப்பாற்ற முன்வரவில்லை என்கிறார்கள். ரிச்சர்டைக் கைவிட்டதை வடக்கு மறக்கவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

ஆறாமவர் படுக்கையில் இறந்தார், ஆனால் நொறுங்கிப்போய். எட்டாம் ஹென்றியின் முதன்மை அமைச்சர் கர்தினால் உல்ஸியின் வீட்டில் இருந்த இளவயதில் ஆன் பொலினைக் காதலித்து, அது தடுக்கப்பட்டு, மனமொவ்வாத மணம் செய்துகொண்டவர். 1536 மே மாதம் அதே ஆன் பொலின், எட்டாம் ஹென்றியின் அரசியாக இருந்து குற்றவாளிக் கூண்டில் நின்றபோது, தீர்ப்பு சொன்ன பிரபுக்களுள் அவரும் ஒருவர். தீர்ப்புக்குப் பின் உடல் தளர்ந்து விழுந்தார். வாரிசில்லாத அவர் நிலங்களை அரசருக்கே எழுதிவைத்துவிட்டு மறு ஆண்டு இறந்தார். அதே ஆண்டு தம்பி தாமஸ், எட்டாம் ஹென்றியின் மதக் கொள்கைக்கு எதிரான வடக்கத்திக் கிளர்ச்சியில் சேர்ந்ததற்காகத் தூக்கிலிடப்பட்டார்.

1557-இல் மேரி அரசி பட்டத்தைத் தாமஸின் மகனுக்குத் திருப்பிக் கொடுத்தார். கத்தோலிக்கரான அந்த ஏழாம் ஏர்ல், 1569-இல் முதலாம் எலிசபெத்துக்கு எதிராகக் கிளர்ந்து தோற்று, ஸ்காட்லாந்துக்கு ஓடி, அங்கிருந்து 2,000 பவுனுக்கு எலிசபெத்திடம் விற்கப்பட்டு, 1572-இல் யார்க்கில் தலை வெட்டப்பட்டார். 1895-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்கு அருளாளர் நிலை வழங்கியது. அவர் தம்பியான எட்டாமவர் 1585-இல் லண்டன் கோபுரச் சிறையில் மார்பில் குண்டு பாய்ந்து இறந்துகிடந்தார். தற்கொலை என்றது விசாரணை. வெளியில் பலர் நம்பவில்லை.

அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்று தெரியுமா?

ஐந்தாம் ஏர்ல் விஷயத்தில் வியக்கத்தக்க அளவுக்குத் தெரியும். அவரது வீட்டு நிர்வாகத்துக்காக 1512-இல் தொடங்கப்பட்ட கணக்கேடு தப்பிப் பிழைத்திருக்கிறது. எசமானர்களும் பணியாட்களுமாக 166 பேர் கொண்ட வீடு. யார், எந்த வேளை, எவ்வளவு உண்ணலாம் என்பதுவரை அதில் எழுதப்பட்டிருக்கிறது. நோன்புக் காலத்தில் ஏர்லுக்கும் மனைவிக்கும் காலை உணவு: தட்டுக்குப் பதிலாக வெட்டிவைத்த ரொட்டி, இரண்டு வெள்ளை ரொட்டி, ஒரு குவார்ட் பீர், ஒரு குவார்ட் ஒயின், இரண்டு துண்டு உப்புக் கண்ட மீன், புகையிட்ட ஹெர்ரிங் மீன் ஆறு, வெள்ளை ஹெர்ரிங் நான்கு. இது நோன்பு!

இவ்வளவு பெரிய மனிதருக்கு ரெஸல், லெக்கன்ஃபீல்ட், டாப்கிளிஃப் என மூன்று மாளிகைகள் இருந்தும், தட்டுமுட்டுச் சாமான் இருந்தது ஒரு வீட்டுக்கு மட்டுமே. வீடு மாறும்போது கட்டில், மேசை, திரைச்சீலை எல்லாம் 17 வண்டிகளில் கூடவே போயின. சமையலறைப் பாத்திரங்களுக்கு அவற்றுள் ஒரே வண்டி போதுமாக இருந்தது.

வெடிமருந்துச் சதியில் பெர்சிகளுக்குப் பங்கு உண்டா?

தூரத்து உறவினரும் அனிக் கோட்டைப் பொறுப்பாளருமான தாமஸ் பெர்சிக்கு நேரடிப் பங்கு உண்டு. 1605 நவம்பரில் பாராளுமன்றத்தைத் தகர்க்கத் திட்டமிட்டவர்களுள் அவர் முக்கியமானவர். தப்பியோடிய இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒன்பதாம் ஏர்ல் சதியை அறிந்திருந்தார் என்று எவரும் நிரூபிக்கவில்லை. ஆனால் நவம்பர் 4 அன்று, வெடிக்கவேண்டிய நாளுக்கு முதல் நாள், தாமஸ் அவரோடு லண்டன் அருகே அவரது சையன் மாளிகையில் உணவருந்தியிருந்தார். அந்த ஒரு சாப்பாட்டின் நிழல் போதுமானதாக இருந்தது. 30,000 பவுன் அபராதம், 1621 வரை கோபுரச் சிறை.

சிறையிலும் அவர் நூலகம் அமைத்து அறிஞர்களோடு வாழ்ந்ததால் 'மந்திரவாதி ஏர்ல்' என்று பெயர் பெற்றார். அவர் ஆதரித்த கணிதர் தாமஸ் ஹாரியட், 1609 ஜூலையில் சையனிலிருந்து தொலைநோக்கி வழியே நிலவைப் பார்த்துப் படம் வரைந்தார். கலிலியோவின் நிலவுப் படங்களுக்குச் சில மாதங்கள் முந்தியது அது. ஏர்ல் அப்போது சிறையில் இருந்தார்.

ஆண்வழி கடைசியாக எப்போது முடிந்தது?

பதினொன்றாம் ஏர்ல் ஜாஸ்லின் 1670-இல் இத்தாலியின் டுரின் நகரில் இறந்தபோது. பன்னிரண்டாம் நூற்றாண்டு மாப்பிள்ளையின் பெயரையே கடைசி வாரிசும் தாங்கியிருந்தது தற்செயல்தான். எஞ்சியவர் மூன்று வயது மகள் எலிசபெத். நாட்டின் மிகப் பெரிய சொத்துக்காரிகளுள் ஒருவர். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அவரை வைத்து நடந்த பேரங்கள் அருவருப்பூட்டுபவை. 1679-இல், பன்னிரண்டு வயதில், முதல் திருமணம். மணமகன் ஓகிள் பிரபு பெர்சி என்ற பெயரை ஏற்றுக்கொண்டு மறு ஆண்டே இறந்தார். அடுத்து லாங்லீட் மாளிகையின் தாமஸ் தின். 1682 பிப்ரவரியில் லண்டன் பால்மால் தெருவில் வண்டிக்குள் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் எலிசபெத்தை மணக்க விரும்பிய கோனிக்ஸ்மார்க் பிரபுவின் ஆட்கள். அவர்கள் தூக்கிலேற, கோனிக்ஸ்மார்க் விடுதலையானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் உள்ள தின்னின் கல்லறையில் அந்தக் கொலைக் காட்சியே செதுக்கப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு மே மாதம், பதினைந்து வயதில், சாமர்செட் டியூக் சார்லஸ் சீமோரோடு மூன்றாவது திருமணம். அவரும் பெர்சி ஆகவேண்டும் என்பது ஒப்பந்தம். வயது வந்ததும் எலிசபெத்தே அந்த நிபந்தனையைத் தளர்த்திவிட்டார்.

இதற்கிடையில் டப்ளினில் பெட்டி செய்து விற்றுவந்த ஜேம்ஸ் பெர்சி என்பவர், ஆண்வழி வாரிசு தானே என்று கிளம்பிப் பல ஆண்டுகள் வழக்காடினார். 1689-இல் பிரபுக்கள் சபை அவரது கோரிக்கையைத் தள்ளியதோடு நிற்காமல், நார்தம்பர்லாண்ட் பட்டத்துக்குப் பொய்யாக உரிமை கோரியவர் என்று எழுதிய தாளை மார்பில் மாட்டிக்கொண்டு நீதிமன்றங்கள் தோறும் சுற்றிவரச் செய்தது. ஒரே குடும்பப்பெயர் இருந்தாலே உறவு ஆகிவிடாது என்பதை அவ்வளவு கொடுமையாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் இன்றைய டியூக்குகள் யார் வழி?

ஸ்மித்சன்கள் வழி. எலிசபெத்தின் மகன் அல்ஜர்னான் சீமோருக்கும் கடைசியில் எஞ்சியது ஒரு மகள். அவர் பெயரும் எலிசபெத். அவர் 1740-இல் மணந்தவர் யார்க்ஷயரின் ஸ்டான்விக்கைச் சேர்ந்த சர் ஹ்யூ ஸ்மித்சன். பரம்பரையாக 'சர்' பட்டம் தாங்கும் பாரனட் குடும்பம் என்றாலும் பெரும் பிரபு வம்சமன்று. 1749-இல் மாமனாருக்கு நார்தம்பர்லாண்ட் ஏர்ல் பட்டம் புதிதாக வழங்கப்பட்டது, தனக்குப் பின் மாப்பிள்ளைக்குப் போகும் ஏற்பாட்டோடு. மறு ஆண்டு மாமனார் இறந்ததும் ஹ்யூ ஏர்ல் ஆனார். பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் ஸ்மித்சன் என்ற பெயரை விட்டுப் பெர்சி ஆனார். 1766-இல் டியூக்கும் ஆனார். ஜாஸ்லின் கொண்டுவந்த பெட்வொர்த் மட்டும் இந்தப் பாகப்பிரிவினையில் விண்டம் குடும்பத்துக்குப் போய்விட்டது.

வந்தேறி மாப்பிள்ளை என்று ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். பாழடைந்து கிடந்த அனிக் கோட்டையைச் சீரமைத்தவர், சையனின் உட்புறத்தைக் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமைக் கொண்டு மாற்றியமைத்தவர், நிலவருவாயைப் பெருக்கியவர் எல்லாம் அந்த மாப்பிள்ளைதான். இன்று சுற்றுலாப் பயணிகள் 'பெர்சிகளின் தொன்மை' என்று வியந்து பார்ப்பவற்றில் பெரும்பகுதி ஸ்மித்சனாகப் பிறந்தவரும் அவர் சந்ததியும் செய்வித்தவை. தாய்வழியில் பார்த்தால் அவர் பிள்ளைகளுக்கு ஹாட்ஸ்பரின் இரத்தம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கும் இக்குடும்பத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. முதல் டியூக்குக்கும் எலிசபெத் மேசி என்ற விதவைக்கும் திருமணத்துக்கு வெளியே பாரிஸில் பிறந்தவர் ஜேம்ஸ். மேசி என்ற பெயரில் வளர்ந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, வேதியியல், கனிமவியல் ஆய்வாளரானார். பெர்சி என்ற பெயரும் பட்டமும் முறையான மகன்களுக்கு உரியவை. அவரது தாய் வேறான அண்ணனான இரண்டாம் டியூக், இளவயதில் 1775 ஏப்ரலில் அமெரிக்காவின் லெக்சிங்டனில் பின்வாங்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படையை மீட்கப் போன தளபதியாக அறியப்பட்டவர். தாய் இறந்தபின், 1800-ஐ ஒட்டி, ஜேம்ஸ் தன் பெயரை ஸ்மித்சன் என்று மாற்றிக்கொண்டார். தந்தை ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கழற்றிப்போட்ட பெயர் அது.

1829-இல் ஜெனோவாவில் இறந்த அவர், தன் சொத்தைத் தம்பி மகனுக்கும், அவர் பிள்ளையின்றி இறந்தால், தான் ஒருமுறைகூடக் காணாத அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் எழுதிவைத்திருந்தார். அறிவைப் பெருக்கவும் பரப்பவும் வாஷிங்டனில் தன் பெயரால் ஒரு நிறுவனம் அமைய வேண்டும் என்பது நிபந்தனை. தம்பி மகன் 1835-இல் இறந்தார். 1846-இல் ஸ்மித்சோனியன் பிறந்தது.

டாட்டன்ஹம் ஹாட்ஸ்பர் கால்பந்துக் கழகத்தின் பெயர் ஹாட்ஸ்பர் பெர்சியையா குறிக்கிறது?

ஆம். வட லண்டனின் டாட்டன்ஹம் பகுதியில் பெர்சி குடும்பத்துக்கு நிலம் இருந்தது. 1882-இல் அங்குள்ள பள்ளி மாணவர்கள் கழகம் தொடங்கியபோது ஹாட்ஸ்பர் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

பெர்சி என்ற குடும்பப்பெயர் உள்ள எல்லோரும் இந்த வம்சமா?

இல்லை. முதலாவதாக, நார்மண்டியின் வெவ்வேறு பெர்சி ஊர்களிலிருந்து தொடர்பில்லாத ஆட்கள் வந்திருக்கலாம். இரண்டாவதாக, எழுத்துக்கூட்டல் நிலைபெறாத நூற்றாண்டுகளில் ஒத்த ஒலியுள்ள பிற பெயர்கள் பெர்சி என்று எழுதப்பட்டன. முதற்பெயராகப் பெர்சி வருவது இன்னும் பலவீனமான சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பிரபுத்துவ வாடை வீசும் நாகரிகப் பெயராகி நடுத்தர வீடுகளில் தாராளமாகச் சூட்டப்பட்டது.

டியூக் குடும்பத்திலேயே ஒரு கிளை தாண்டல் உண்டு: நான்காம் டியூக் 1865-இல் பிள்ளையின்றி இறந்தபோது பட்டம் முதல் டியூக்கின் இளைய மகன் வழியில் வந்த பெவர்லி ஏர்லுக்குப் போனது, இன்றைய குடும்பம் அந்தக் கிளை. எனவே தன் பெயரைக் கொண்டு உறவு தேடுபவர், கோட்டையிலிருந்து கீழ்நோக்கி வருவதை விட்டு, தன் பாட்டன் முப்பாட்டனின் திருமுழுக்கு, திருமணப் பதிவுகளிலிருந்து மேல்நோக்கிப் போக வேண்டும். இங்கிலாந்தில் கோவில்பற்று வாரியான பதிவேடுகள் 1538-இல் ஆணையிடப்பட்டுத் தொடங்கின. அதற்கு முந்திய காலத்தில் நிலமில்லாத ஒருவரின் தடம் கிடைப்பது அரிது.